மெய்யப்பன் அண்ணனும் அந்த இரண்டு செகண்டும்

மெய்யப்பன் அண்ணன் இறந்துவிட்டாராம். காலையில் பத்தரை மணிக்கு ஆபீஸிலிருந்து போன்.

கோடிங்குக்கு நடுவே பேசினால் டைப் ஆகும் மைக்கில் ஒரு குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தேன், அணைக்க மறந்துவிட்டேன். "யாரு... எந்த மெய்யப்பன்... நம்ம அண்ணனா... சனிக்கிழமை மெசேஜ் போட்டாரே..." எல்லாம் ஸ்கிரீனில் வரிசையாக விழுந்து கிடக்கிறது. இன்னும் அழிக்கவில்லை.

தெரியாதவர்களுக்கு... அண்ணன் என் டீமில் சீனியர். கம்பெனி சென்னையில். அவர் திருமயம் பக்கத்திலிருந்தும் நான் கந்தர்வக்கோட்டையிலிருந்தும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். ஒரே மாவட்டம், அதனால் ஒட்டிக்கொண்டோம். நேரில் பார்த்ததில்லை.

ஸ்கூட்டியில் விழுந்து என் இரண்டு மணிக்கட்டும் முறிந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பிளேட் வைத்த பிறகும் பத்து நிமிடம் டைப் அடித்தால் விரல்கள் மரத்துப்போகும்.

'கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்' என்று மேனேஜர் இரண்டு தடவை சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன்.

அன்றைக்கு அண்ணன்தான் கூப்பிட்டார். "கைதானே போச்சு? வாயுள்ள புள்ள பொழச்சுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? ஒனக்கு இருக்குறது சின்ன வாயா ஆத்தா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பேசியே கோடிங்கைத் திருத்துவதற்கு ஒரு கட்டளைப் பட்டியல். எந்த வார்த்தைக்கு என்ன நடக்க வேண்டும், எது முன்னால், எது பின்னால்... தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். நான் யோசித்துச் சொல்ல, அவர் டைப் அடித்து, ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிச் சொல்லி டெஸ்ட் செய்வார்.

"பதினாறாவது வரியிலிருந்து இருபதாவது வரிவரை அழித்துவிடு" என்று நான் அழகாக வைத்திருந்தேன். அண்ணன் அதை "பதினாறு, இருபது, தூக்கு" ஆக்கிவிட்டார்.

"ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான். அதுக்கு மேல வச்சா வெட்டு" என்றார். வேகத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வேகம் என்றால் எதற்கு அந்த இரண்டு செகண்ட்? ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும், இன்னும் ஏதாவது வருமோ என்று கம்ப்யூட்டர் இரண்டு செகண்ட் காத்திருக்கும்படி வைத்திருந்தார். எனக்கோ பொறுமையே கிடையாது.

"என்னண்ணே, டவுன் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிது?"

"நிக்கட்டும் ஆத்தா. எல்லாரும் ஒன்னய மாதிரி கடகடன்னு பேசுவாங்களா?"

ஒரு மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னேன், "எங்க அண்ணன் வாயத் தொறக்கவே கூலி கேப்பாரு." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே மியூட்டில் போய்விட்டார்.

பேச்சுக்கு நடுவே அடிக்கடி அப்படிப் போவார். "என்னண்ணே, முறுக்குத் திங்கிறீங்களா?" என்பேன். திரும்பி வந்து "ஆமா... கைமுறுக்கு" என்பார். நானும் நம்பினேன், மடச்சி.

போன மாதம் அவரைக் கேட்காமலே, இருவரும் பயன்படுத்தும் அந்தப் பட்டியலில் இரண்டு செகண்டை அரை செகண்ட் ஆக்கிவிட்டேன். மறுநாள் கூப்பிட்டார். "கொறச்சிட்டியா?"

"ஆமாண்ணே. இப்பப் பாருங்க, பறக்குது."

மியூட்டில் போய்விட்டுத் திரும்பி வந்தார். "சரி... நல்லாருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசி டெஸ்ட் செய்யவே இல்லை. கேட்டால், வேலை இருக்கிறது என்று மெசேஜ் மட்டும் வரும்.

இன்று உடலை எடுப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். யார் என்று சொன்னதும் அவர் மனைவி, ஆச்சி, முதலில் என் மணிக்கட்டைத்தான் பார்த்தார். "நீதானா அந்தப் புள்ள? கை இப்பத் தேவலையா?"

தலையை ஆட்டினேன். ஆச்சிதான் சொன்னார். "ரெண்டு வருஷமா நுரையீரல்ல கோளாறும்மா. நாலு வார்த்தை பேசினா மூச்சு வாங்கும். ஆபீஸ்ல தெரியக் கூடாதுன்னுட்டாங்க. ஒங்கிட்டப் பேசுறப்பதான் தம் கட்டிப் பேசுவாங்க."

"அப்பறம் ஏன் ஆச்சி அந்த டெஸ்ட்டெல்லாம் அவங்களே...?"

"எனக்கென்ன தெரியும்? சாயங்காலமானா கதவச் சாத்திக்கிட்டு வெட்டு, தூக்கு, ஒட்டுன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. போதும்னாலும் கேக்க மாட்டாங்க."

அவர் கை நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு அந்தக் கட்டளைகள் எதுவுமே தேவையில்லை. இருந்த கொஞ்ச மூச்சை எனக்காகச் செலவழித்திருக்கிறார்... அதற்கு நடுவே மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் அந்த இரண்டு செகண்ட். அதையும் நான் எடுத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... வருவது கோபமா அழுகையா என்றே தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். பைத்தியம்.

இந்தப் பதிவையும் பேசித்தான் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அந்த செட்டிங்கும் திறந்தே இருக்கிறது. மறுபடி இரண்டு செகண்ட் ஆக்கலாம்... இனி யாருக்காக ஆக்குவது?

அண்ணே, மெதுவாப் போங்க. நின்னு நின்னு போங்க. நான் அவசரப்படுத்த மாட்டேன்.