ஆறு கோப்பைகளில் இல்லாத விரிசல்

பெரியப்பா ஓர் ஏல நிறுவனத்தில் பழைய ஜெர்மன் பீங்கான்களை மதிப்பிடுபவர். முப்பத்தோரு வருடங்களாக அதே மேசை. வடக்கு ஜன்னல், பச்சைக் கம்பளித் துணி, பூதக்கண்ணாடி, முத்திரைப் படங்கள் நிறைந்த நான்கு தடித்த புத்தகங்கள். அவருடைய அறிக்கைகளை இரண்டு மொழிகளில் தட்டச்சு செய்வது என் வேலை.

முதலில் கோப்பையைக் கவிழ்ப்பார். தொழிற்சாலை முத்திரையான, குறுக்காக வைத்த இரண்டு நீல வாள்கள் மெருகுக்கு அடியில் இருக்கின்றனவா, மேலே பிறகு வரைந்தவையா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். வாள்களை வெட்டிக்கொண்டு கீறல் இருந்தால், தொழிற்சாலையே இரண்டாந்தரம் என்று கழித்தது. வாள்களின் கைப்பிடிகளுக்கு நடுவே புள்ளி இருந்தால் அது எந்தக் காலத்தது என்பதும் தெரிந்துவிடும்.

"இதெல்லாம் புத்தகத்தைப் பாத்து யார் வேணா சொல்லலாம்" என்பார். பிறகு கோப்பையை விரல்நுனிகளில் நிறுத்தி விளிம்பை ஒரு சுண்டு சுண்டுவார். நல்ல பீங்கான் கணீரென்று நீண்டு ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக்கென்று அடங்கிவிடும். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஊரே அவரைக் கோப்பை டாக்டர் என்றது அந்தக் காதுக்காகத்தான்.

வீட்டில் பெரியம்மாவுக்கு வேறு அனுபவம். "தொண்டை கிழியக் கத்துறேன், ஐயா காதுல ஏறல. நான் கோப்பையாப் பொறந்து தொலைச்சிருக்கணும்."

"நீ கோப்பையா இருந்தா ஏலத்துல விட்டிருப்பேனே" என்பார் அவர்.

போன மார்ச்சில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ஆறு கோப்பைகள் கொண்டுவந்தார். அவர் பல வருடம் பார்த்துக்கொண்ட கிழவர், சாகும் முன் கையில் கொடுத்தவை. வாள்களும் புள்ளியும் பிசகில்லாமல் இருந்தன. பெரியப்பா ஆறையும் சுண்டினார். முகம் வாடியது. "ஆறுலயும் விரிசல். மன்னிச்சுக்கோங்கம்மா." நான் அப்படியே தட்டச்சு செய்தேன். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே 'விரிசல்' என்ற சொல்லை எத்தனை முறை தட்டியிருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவேயில்லை.

ஜூனில் நர்ஸ் மறுபடி வந்தார். கையில் அதே கோப்பைகளில் ஒன்று. உள்ளே குட்டிக் கள்ளிச்செடி.

"உங்களுக்குத்தான் சார். வீணாப் போன சாமான்தானேன்னு ஆறுலயும் செடி வச்சுட்டேன். ஓட்டை போட்டுக் குடுத்தவன் என்ன சொன்னான் தெரியுமா? 'விரிசல் இருந்தா டிரில் பட்டதும் ரெண்டாப் பொளந்திருக்கும்க்கா, இது கல்லு மாதிரி நிக்குது. எந்தப் புண்ணியவான் விரிசல்னு சொன்னான்?'னு கேட்டான்!" சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார்.

நர்ஸ் போனதும் பெரியப்பா செடியைப் பிடுங்கி, மண்ணைக் கொட்டி, கோப்பையைக் கழுவினார். துளை சரியாக முத்திரையின் மேல் விழுந்திருந்தது. வாள்களின் கைப்பிடிகளும் புள்ளியும்தான் மிச்சம். சுண்டினார். மறுபடியும் சுண்டினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீ சுண்டு."

சுண்டினேன்.

"என்ன கேக்குது?"

"நல்லாத்தான் இருக்கு, பெரியப்பா."

"நல்லாருக்குன்னா?"

"நீளமா... இன்னும் கேட்டுட்டே இருக்கு."

அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்லிய, உயர்ந்த ஒலிகள் போய்விட்டன, திரும்ப வராது என்றார் காது மருத்துவர். பெரியப்பா அறிக்கைகளை எடுத்துவரச் சொன்னார். கடைசி எட்டு மாதங்களில் நாற்பத்துமூன்று விரிசல்கள். எது நிஜம், எது அவர் காது என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடியவில்லை. சாமான் கொண்டுவந்த எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்றார்.

முதலாளி பதறினார். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. அறிக்கை எழுதுறதை நிறுத்திக்கோங்க, அது போதும்."

பெரியப்பா அறிக்கையை மட்டுமல்ல, வேலையையே நிறுத்தினார். பூதக்கண்ணாடியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நர்ஸிடம் மட்டும் நேரில் சொல்ல வேண்டும் என்று என்னைத் துணைக்கு அழைத்தார்.

மூன்றாம் மாடியில் சின்ன வீடு. ஜன்னல் கட்டையில் ஐந்து கோப்பைகள் வரிசையாக நின்றன. நர்ஸ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரியப்பா உட்காரவில்லை.

"உங்க கோப்பைல ஒண்ணுலகூட விரிசல் இல்லம்மா. என் காதுதான் போச்சு."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒரு செடியின் மண்ணை விரலால் அழுத்திவிட்டார்.

"அந்தப் பெரியவர் குடுத்ததை நானே..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே, மிக மெதுவாக, "சொல்லாமலே இருந்திருக்கலாமே சார்" என்றார்.

"என்னம்மா?" என்றார் பெரியப்பா, ஓரடி முன்னால் வந்து.

நர்ஸ் திரும்பி, இன்னொரு முறை அதையே சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.