பூ இல்லை சார்

அவருக்கு அந்தப் பெயர் கிடைத்தது சொந்தக் கல்யாணத்தில். யாரோ காம்போடு ஒற்றைச் சாமந்திப் பூவைக் கையில் கொடுத்தார்கள். படம் எடுப்பவர், "சார், அந்தப் பூவைக் கொஞ்சம் மேல தூக்குங்க" என்றார்.

"எந்தப் பூவை?"

"கையில இருக்கே, அதைத்தான்."

"இது ஒரு பூ இல்லைங்க. நூத்துக்கணக்கான பூ, ஒண்ணா உக்காந்திருக்கு."

கல்யாணப் பெண் அப்போதுதான் அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாராம். சும்மா இருந்திருக்கலாம். "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்து அந்தச் சாமந்தியைப் பிய்த்து விளக்க ஆரம்பித்தார். இன்றைக்கும் அந்த ஆல்பத்தைப் புரட்டினால், எல்லாப் படத்திலும் அவர் கையில் ஒரு மொட்டைக் காம்புதான். மடியெல்லாம் மஞ்சள் தூள்.

அன்றிலிருந்து வீட்டார்க்கும் சரி, அலுவலகத்தார்க்கும் சரி, அவர் 'பூ இல்லை சார்'.

அவர் வேலை பார்த்தது ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்தில். கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, இரும்பு அலமாரிகள் நிறைந்த ஓர் அறை. செடிகளைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, அந்த அலமாரிகளில் அடுக்கியிருந்தார்கள். உள்ளே போனால் பூச்சி உருண்டையின் நாப்தலீன் வாடை மண்டைக்கு ஏறும். சாருக்கு அது வாடையாகவே தெரியாது. லீவு நாளில் அது இல்லாமல் அவருக்குத் தலை வலிக்கும்.

சூரியகாந்திக் குடும்பம் மொத்தமும் அவர் பொறுப்பு. லேசுப்பட்ட குடும்பமா அது? இருபத்தைந்தாயிரம் வகைக்கு மேல். பூக்கும் செடிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்த வீட்டுப் பிள்ளை. சாமந்தியும் டேலியாவும் மட்டுமல்ல, சாலட்டில் போடுகிற லெட்டூஸ், ரயில் பாதை ஓரத்துப் பார்த்தீனியம், தனித்த தீவுகளில் மரமாகவே நிமிர்ந்துவிட்ட சில வகைகள் எல்லாம் ஒரே ரத்தம். தென் அமெரிக்கப் பக்கம் எட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய கூட்டம், இப்போது பனிக்கண்டம் ஒன்றைத் தவிர எங்கும் குடியேறிவிட்டது என்று சொல்லும்போது, தன் பங்காளிகள் வெளிநாட்டில் வீடு கட்டியதைச் சொல்வதுபோல அவர் முகம் மலரும்.

ஒரே ஒரு குறை. செடி செத்துக் காய்ந்த பிறகுதான் அவருக்கும் அதற்கும் பழக்கம். வீட்டில் ஒரு தொட்டி கிடையாது. அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாளெல்லாம் பிறர் போடும் பிரேக்குக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர். அவருக்கும் தண்ணீர் ஊற்ற நேரமில்லை.

நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு மூன்று மாதம் இருந்தது. துறைச் செயலாளர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். விழாவுக்கு அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. பதவி நீட்டிப்புக்காக மேலே தலைகீழாக நின்றுகொண்டிருந்தார் என்பது வாசல் காவலர் வரைக்கும் தெரியும். இயக்குநர் பூ இல்லை சாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"செயலாளர் மேடையில நிக்கும்போது நம்ம சோதனை வயல் முழுக்க சூரியகாந்தி அவரையே பார்க்கணும். விழா சாயங்காலம். மேடையை மேற்கால போட்டுட்டா, பூ சூரியன் பின்னாடியே திரும்பி அவரைப் பார்த்துடும். சரிதானே?"

சாரின் மனம் அப்போது ஒரு விதையின் நுனி மயிரில் சிக்கியிருந்தது. "ஆமா சார்" என்றார்.

இடுப்பளவே வளரும் குட்டை ரகமாகப் பார்த்து விதைத்தார்கள். மேற்கே மேடையும் எழும்பியது. செயலாளர் பெயர் வெட்டிய கல்லோடு, சிமென்டில். ஒருத்தராலும் அதை இனி நகர்த்த முடியாது.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம், சார் ஏதோ தோன்றி வயல் பக்கம் போனார். சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. பூக்களெல்லாம் கிழக்கே பார்த்து நின்றன. இளசாக இருக்கும்வரைதான் சூரியகாந்தி சூரியனோடு திரும்பும். முற்றிவிட்டால் கிழக்கே பார்த்து அப்படியே நின்றுவிடும். அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. அட்டையில் ஒட்டிய பூ எந்தப் பக்கமும் திரும்பாது என்பதால் மறந்தே போயிருந்தது.

ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் அசரவில்லை.

"பூ திரும்பலைன்னா நாம திருப்புவோம். நிலையத்துல இத்தனை பேர் சம்பளம் வாங்குறோம்ல?"

அப்படியாக, மறுநாள் சாயங்காலம், முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளும் கணக்குப் பிரிவும் தட்டச்சுப் பிரிவும் செடிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்தார்கள். மேடைக்குப் பக்கமாக இருந்த இரண்டு வரிசைப் பூக்களை மட்டும், கைக்கு ஒன்றாகக் காம்பை முறுக்கி, மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். மேடையிலிருந்து பார்த்தால் மலர்ந்த முகங்கள். பின்னால் போய்ப் பார்த்தால் வியர்த்த முகங்கள்.

செயலாளர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். குந்தியவர்களுக்குக் கால் மரத்துப்போனது. ஒருவருக்கு மகரந்தம் மூக்கில் ஏறி, தும்மலைச் சட்டைக் கையில் புதைத்தார். சார் முதல் வரிசையில். அவருக்குப் பின்னால் கணக்குப் பிரிவுக்காரர் பிடித்திருந்த பூ, சாரின் காதை உரசியது. எரிச்சலோடு திரும்பினார். பூ மூக்குக்கு நேராக நின்றது.

அதன் வட்டத்தில், ஓரத்துச் சின்னப் பூக்கள் வேலை முடிந்து ஓய்ந்திருந்தன. அதற்கு உள்ளே ஒரு வளையம் மஞ்சள் தூளைத் தள்ளிக்கொண்டிருந்தது. நடுவே மிச்சமெல்லாம் இன்னும் திறக்காத மொட்டு. ஒரு தேனீ வளையத்தைச் சுற்றி ஒரு வீடு விடாமல் நுழைந்து வந்தது. இதையெல்லாம் அவர் படித்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். ஆனால் அலமாரியில் அது பழுப்புத் தூள், இங்கே அசைந்தது. தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

செயலாளர் பேச்சை நிறுத்தினார். "யாருப்பா அது, வயல்ல முளைச்சது?"

"எங்க விஞ்ஞானி சார்" என்றார் இயக்குநர். "பூவை ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கார்."

"அப்படியா! பூ என்ன சொல்லுது?"

"இது ஒரு பூ இல்லைங்க சார்" என்று ஆரம்பித்தார் அவர். "வெளியில மஞ்சளா நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதுல விதையே பிடிக்காது. சும்மா காட்சிக்கு நிக்குது. உள்ள இருக்கிற பொடிசுங்கதான் அத்தனை விதையையும் வைக்குது."

அதுவரை குந்தியிருந்த ஊழியர்களுக்கு இதைக் கேட்டதும் எங்கிருந்தோ ஓர் உற்சாகம். வயலுக்குள்ளிருந்து பலத்த கைதட்டல் எழுந்தது. "ஆனா வெளியில இருக்கிறது இல்லேன்னா தேனீ வராது, இந்தக் குடும்பம் இவ்வளவு பெருகினதுக்கு அதுவும் ஒரு காரணம்" என்று அவர் சொன்ன மிச்சத்தை ஒருவரும் கேட்கவில்லை.

கைதட்ட இரண்டு கையும் வேண்டும். விடுபட்ட காம்புகள் முறுக்கு அவிழ்ந்து, அத்தனை பூவும் ஒன்றாகச் செயலாளருக்கு முதுகைக் காட்டித் திரும்பின.

கைதட்டல் அடங்கியது.

"ஏன் திரும்பிடுச்சு?" என்றார் செயலாளர், மெதுவாக.

இயக்குநர் சமயோசிதக்காரர். "கிழக்கைப் பார்க்குது சார். நாளைக்கு வரப்போறவருக்காக இப்பவே காத்திருக்கு."

சூரியனைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். செயலாளர் முகம் கறுத்தது. "ஓ, இங்க வரைக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்று மட்டும் கேட்டு, டீகூடக் குடிக்காமல் காரில் ஏறினார். போகிற போக்கில், இயக்குநரைக் கடற்பாசி நிலையத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். கடற்பாசி பூக்காது.

சாருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது: விழாவின்போது எழுந்து நின்றது ஏன்? அவர் நேர்மையாக, எட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னாலிருந்து தொடங்கி எழுதினார். ஒவ்வொரு மேசையிலும் 'பார்த்தேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அது மேலே போனது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

விழா முடிந்த அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "இன்னைக்குத்தான் உயிரோட பார்த்தேன்" என்றாராம்.

"யாரை?" என்று பதறினார் அவர். விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டு, மறுநாள் பயிற்சிக் காரின் பின்சீட்டில் செடியோடு ஒரு தொட்டி கொண்டுவந்தார்.

புது இயக்குநர் வந்தார். சூரியகாந்தி என்ற பேச்சே ஆகாது என்று வயலை உழுது, பச்சைப் புல்தரை போட்டார். கொஞ்ச நாளில் ஓரமெல்லாம் ஏதோ களை முளைத்தது. மெலிந்த தண்டு, சின்ன மஞ்சள் தலை, காய்ந்தால் ஊசி ஊசியாய் விதை. களை ஒழிப்புக் குழு ஒன்று அமைத்து, சாரையே தலைவராகப் போட்டார்கள். அவர் தினமும் காலையில் புல்தரைக்குப் போனார். முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு களையையும் பிடுங்கவில்லை. 'இன்னும் ஒரு பருவம் கவனிக்க வேண்டியுள்ளது' என்பதே குழுவின் ஒவ்வோர் அறிக்கையும்.

பொறுமை இழந்த இயக்குநர் தாமே பார்வையிட வந்தார். புல்தரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை விறைப்பாக நடந்தார். திரும்பும்போது அவர் கால்சட்டை முழங்கால்வரை ஊசி விதைகள் அப்பியிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னக் கொக்கிகள்.

"என்னய்யா இது கர்மம்?"

"அதே குடும்பம்தான் சார்" என்றார் பூ இல்லை சார், பூரித்துப்போய். "சிலது காத்துல பறக்கும். இது ஆளைப் பிடிச்சுக்கும்."

இயக்குநர் படிக்கட்டில் நின்று, திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இதுவரை களையே இல்லாதிருந்த முன்பக்கத் தோட்டத்தில் வீசினார். சார் பக்கத்தில் நின்று, எதுவும் தப்பிவிடாமல், இன்னும் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று பொறுப்பாகக் காட்டிக்கொடுத்தார்.