புல்லுக்குக் குடை பிடித்த ஐப்பசி

புல் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான், அதற்கு மாதச் சம்பளமும் உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை. சம்பளம் தாமதமாகிற மாதங்களில் எனக்கே அந்தச் சந்தேகம் வரும். வெயிலில் நின்று சர்வே எடுப்பவர்கள், மழையில் மின்கம்பம் ஏறுபவர்கள், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவர்கள் என்று, 'இதெல்லாம் ஒரு வேலையா' என்ற பார்வையைத் தினமும் வாங்குகிற அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வேலை என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுவாஞ்சேரியில் ரயில் பாதையைத் தாண்டி உள்ளே போனால், புதிய மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஒரு செம்மண் மேடு இருக்கிறது. எங்கள் கல்லூரிக்குச் சொந்தமான இடம். வருடத்தில் பாதி நாள் காய்ந்து சருகாகக் கிடந்து, ஐப்பசி மழை விழுந்ததும் பச்சை பிடிக்கிற புல்வெளி அது. இப்போதெல்லாம் அந்த மழை விட்டு விட்டுப் பெய்வதில்லை. மாதம் முழுக்க வரவேண்டியது ஓரிரு நாளில் மொத்தமாக வந்து கொட்டிவிட்டு, அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அளவு அதேதான், வருகிற விதம் வேறு. அப்படி வந்தால் புல் எப்படி வளரும் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

அதற்காகப் புல்வெளியில் சின்னச் சின்னக் கட்டங்கள் பிரித்து, பல கட்டங்களுக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்டோம். கூரையில் விழும் மழையை டிரம்மில் பிடித்து நான் பூவாளியால் ஊற்ற வேண்டும். பாதிக் கட்டங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மறு பாதிக்கு அதே அளவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்து ஒரே நாளில். இவை தவிர, கூரையே இல்லாத கட்டங்களும் உண்டு, அவை வானம் விட்ட வழி. கார்த்திகை முடிகிறபோது எல்லாக் கட்டத்துப் புல்லையும் கத்தரித்து, காயவைத்து, எடை போட வேண்டும். அதுவரை எதுவும் மேயக்கூடாது, யாரும் மிதிக்கக்கூடாது. பருவம் கெட்டால் அடுத்த ஐப்பசிவரை ஆகும். என் வேலையோ வருடக் கடைசியில் முடிகிற ஒப்பந்த வேலை. அந்தப் புல் பத்திரமாக இருந்தால்தான் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கவே முடியும்.

மழையில் ஒரு பூவாளி

முதல் மழை பிடித்துக்கொண்ட அன்று நான் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பூவாளியோடு கூரைக்கடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மழை பெய்கிறது என்பதற்காக ஊற்றாமல் இருக்க முடியாது. கூரை போட்ட கட்டத்துக்கு நான்தான் வானம்.

ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேலிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். நான் பூவாளியை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. மழைச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார்:

"இன்னாம்மா, மேல இருந்து அவரு ஊத்திகினு கீறாரு, கீழ நீ ஊத்திகினு கீற. ரெண்டு பேருக்கும் ஒரே காண்ட்ராக்டா?"

பாக்கியம் அக்காவின் கேள்வி

மேட்டுக்குக் கீழே முதல் வீடு பாக்கியம் அக்காவுடையது. மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். மனை போட்டுப் போட்டு மேய்ச்சல் நிலமெல்லாம் கம்பி வேலிக்குள் போய்விட்டதால், அவருடைய மாடுகள் எங்கள் வேலிக்கு வெளியே நின்று கட்டங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்களின் பார்வை அது. எனக்கு உள்ளுக்குள் பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் கம்பை எடுத்து விரட்டுவேன்.

கட்டங்களுக்கு வெளியே வளர்கிற புல்லை அக்கா அறுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு மாடு உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். கையோடு ஒரு டம்ளர் டீயும் கொடுத்தார். ஒருநாள், இவ்வளவு பாடுபட்டு வளர்த்து இந்தப் புல்லை என்னதான் செய்யப்போகிறாய் என்று கேட்டார். கத்தரித்து, கல்லூரியில் ஒரு பெரிய அடுப்பில் வைத்துக் காயவைத்து, எடை பார்த்து, காகித உறையில் போட்டு அலமாரியில் வைப்போம் என்றேன். அக்கா டீ டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்:

"அதையே என் மாட்டு வயித்துல போட்டா பாலாவது வரும். உன் கவர்ல இருந்து இன்னாம்மா வரும்?"

சர்ச் வாசலில் வானிலை அறிக்கை

எங்கள் வீடு கீழ்க்கட்டளையில். அம்மா பள்ளிக்கூட டீச்சர். மகள் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று சர்ச்சில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதனால், "அவ கிளைமேட்ல இருக்கா" என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லைதான். ஆனால் அதன் பலனை நான்தான் அனுபவித்தேன்.

மழை மாதம் வந்ததும் போன் வர ஆரம்பித்தது. நாளைக்கு ஸ்கூல் லீவா, மாடியில் வடகம் போடலாமா, வியாழக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு ஷாமியானா போதுமா. எனக்குப் பெய்து முடிந்த மழையைப் பற்றித்தான் தெரியும், பெய்யப்போகிற மழையைப் பற்றி எதுவும் தெரியாது என்று எத்தனை பேரிடம் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எஸ்தர் சித்தி கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. மழை வந்து பரீட்சை தள்ளிப்போக வாய்ப்பு உண்டா என்று பையனைவிடச் சித்திக்குத்தான் கவலை. எனக்குத் தெரியாது சித்தி என்றேன். புல் எப்படி வளர்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறேன் என்று விளக்கமும் சொன்னேன். சித்தி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நாளைக்கு மழை வருமான்னு உனக்கே தெரியலைன்னா, அந்தப் புல்லை எதுக்குடி வளர்க்கறே?"

ஒரு வாரச் சாப்பாடு

ஐப்பசி நடுவில் மழை சுத்தமாக நின்றுபோய் வெயில் கொளுத்தியது. எங்கள் பேராசிரியை மேடம் பார்வையிட வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வாங்கிய கட்டங்களில் புல் சத்தமில்லாமல் பக்கவாட்டில் கிளைத்து, தரை தெரியாமல் மூடியிருந்தது. மொத்தமாக வாங்கிய கட்டங்களில் முதல் வாரம் விறுவிறுவென்று உயர்ந்த புல் இப்போது நுனி சுருண்டு, மஞ்சளித்து நின்றது. இடையிடையே செம்மண் இறுகிப் பாளமாக வெடித்திருந்தது. இரண்டுக்கும் ஊற்றியது ஒரே அளவுத் தண்ணீர். நானே ஊற்றியிருந்தும் எனக்கு நம்ப முடியவில்லை. ஒருவேளை நான்தான் எங்கோ குறைத்து ஊற்றிவிட்டேனோ என்று பயந்துகொண்டே மேடத்திடம் கேட்டேன். அவர் மண்டியிட்டுப் புல்லை விலக்கிப் பார்த்தபடியே, நிமிராமல் சொன்னார்:

"ஒரு வாரச் சாப்பாட்டையும் திங்கட்கிழமையே சாப்பிட்டுடுன்னு சொன்னா, சனிக்கிழமை நீ எப்படி இருப்பே?"

பார்க் ஏரியா

சனி, ஞாயிறுகளில் ஒரு மனை விற்பனைக்காரர் வேனில் ஆட்களைக் கூட்டி வருவார். பெரும்பாலும் மறைமலை நகர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள், மனைவி குழந்தையோடு. எங்கள் கட்டங்கள் பச்சைப் பசேலென்று இருப்பதைப் பார்த்ததிலிருந்து அவர் அதை 'பார்க் ஏரியா' என்று காட்ட ஆரம்பித்துவிட்டார். நான் பார்க்கைப் பராமரிக்கிற மேடம். நான் மறுத்துச் சொல்வதற்குள் வேன் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

ஒருமுறை, வந்தவர்களில் ஒருவர் நேராக என்னிடமே வந்து இங்கே மழைத்தண்ணீர் நிற்குமா என்று கேட்டார். சென்னைக்குத் தெற்கே வீடு வாங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி அது. உள்ளதைச் சொன்னேன். இந்த மேட்டில் நிற்காது, சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம் இதுதான், கீழே இருக்கிற தெருக்களில் நிற்கும் என்றேன். பின்பாதி வியாபாரத்துக்கு ஆகாது என்பதால் விற்பனைக்காரர் முன்பாதியை மட்டும் செல்போனில் பதிவு செய்துகொண்டார். சாயங்காலத்துக்குள் அது அந்த வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றி வந்துவிட்டது. பதிவு முடிந்து, கேள்வி கேட்டவரிடம் திரும்பியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"சார், கேட்டுக்கிட்டீங்களா? சயின்டிஸ்டே சொல்லிட்டாங்க, ஹைட்டான ஏரியா."

மேட்டுக்கு வந்த கார்கள்

கார்த்திகை தொடக்கத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. கூரைகளைக் கயிறு போட்டு இறுக்கலாம் என்று நான் மேட்டுக்குப் போனால், எனக்கு முன்னால் கார்கள் வந்து நின்றிருந்தன. புயல் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் காய்கறி, பால் வாங்கிய கையோடு காரையும் கொண்டுபோய் ஏதாவது ஒரு மேம்பாலத்தில் ஏற்றிவிடுவார்கள். இந்த முறை அவ்வளவு தூரம் எதற்கு, ஹைட்டான ஏரியா பக்கத்திலேயே இருக்கிறதே என்று வந்துவிட்டார்கள். என் வாய்தான் காரணம். கயிற்று வேலியைக் கழற்றி மரியாதையாகச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள்.

ஒரு சக்கரம் ஏறினால் போதும், போச்சு. ஆனால் போகச் சொல்லவும் மனம் வரவில்லை. போன தடவை தெருவில் கார் மூழ்கியதை ஒருவர் மாற்றி ஒருவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நானே மழையில் நின்று, ரிவர்ஸ் வாங்க, லெப்ட் ஒடிங்க, போதும் நிறுத்துங்க என்று கத்தி, கட்டங்களுக்கு நடுவே இருந்த பாதைகளில் ஒவ்வொரு காராக நிறுத்த வைத்தேன். ரயில் நின்றுவிடும் என்று பயந்து கடைசி நேரத்தில்தான் வீட்டுக்குக் கிளம்பினேன். அதற்கப்புறம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ள அங்கே யாருமில்லை.

மழை விட்டு ரயில் ஓடத் தொடங்கியதும் போனேன். மற்ற எல்லாக் கட்டமும் தப்பித்திருந்தது. கூரையில்லாத கட்டம் ஒன்றின் மேல் மட்டும் ஒரு சிவப்புக் கார் நின்றிருந்தது. வானத்து மழையை அப்படியே வாங்க வேண்டிய கட்டம் அது, புயல் முழுக்க ஒரு சொட்டு வாங்கவில்லை. காருக்குச் சொந்தக்காரர் ஜான்சன் சார். கீழ்த் தெருவில் குடியிருக்கிறவர், தாம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. வெள்ளத்தில் மூழ்கிய காருக்குப் பணம் வாங்குவது எப்படிப்பட்ட பாடு என்று ஊரில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். திட்டுவதற்கு நான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. குனிந்து, இரண்டு பக்கச் சக்கரமும் கட்டத்துக்கு வெளியே இருப்பதைக் கையால் காட்டினார்.

"மத்ததுக்கெல்லாம் கூரை போட்டிருக்கீங்க, இது மட்டும் பாவம் மழையில நின்னுச்சு மேடம். அதான் என் காரை மேல நிறுத்திட்டேன். டயர் ஒரு புல்லு மேல படல பாருங்க."

கத்தரித்த நாள்

அந்தக் காரை எடுத்தபோது கட்டத்துப் புல், எண்ணெய் வைத்துப் படியச் சீவின தலை மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. மேடம் வந்து பார்த்தார். கூரையில்லாத கட்டங்கள் இன்னும் இருக்கின்றன, இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆனால் தனியாகக் கத்தரித்து வைத்துக்கொள் என்றார். அப்புறம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

கார்த்திகை முடிவில் கத்தரிக்கிற நாளில், எங்கள் திட்டத்துக்குப் பணம் தருகிற அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இன்னொரு வருடம் நடத்தலாமா, இதோடு மூடிவிடலாமா என்று அவர்தான் எழுத வேண்டும். மேடம் வரைபடங்களை விரித்து விளக்கிக்கொண்டே போக, அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மண்ணில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் புல்லை வெட்டிக்கொண்டிருந்தேன். என் கை வேலையில் இருந்ததே தவிர, காது முழுக்க அங்கேதான். ஆராய்ச்சி நல்லதுதான், ஆனால் புல் எப்படி வளர்ந்தால் இங்கே இருக்கிறவர்களுக்கு என்ன என்று அவர் கடைசியில் கேட்டுவிட்டார். மேடம் பதிலுக்கு அடுத்த வரைபடத்தைத் தேடினார். நான் வெட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கார் நிறுத்திய உரிமையில் காலையிலிருந்தே வந்து, எனக்கு உறை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஜான்சன் சார். உறையைக் கீழே வைத்துவிட்டு அதிகாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இவர் வேறு என்ன சொல்லித் தொலைக்கப்போகிறாரோ என்று நானும் கத்தரிக்கோலோடு எழுந்தேன். எதிரே, வருடம் முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து, புயல் வந்த அந்த ஒரு வாரம் மட்டும் முழங்கால் தண்ணீரில் நடந்த அவருடைய தெரு தெரிந்தது. அதைக் காட்டினார். அப்புறம் ஒரே நாளில் மொத்தத் தண்ணீரையும் வாங்கி, நுனி கருகி நின்ற கட்டத்தைக் காட்டினார்.

"எங்க தெருவுக்கும் இந்தப் புல்லுக்கும் ஒரே பிரச்சினைதான் சார். ஒரே நாள்ல மூழ்கறோம், அடுத்த மாசமே காய்றோம். எங்களை யாரும் வந்து கேக்கறதில்ல, புல்லையாவது கேக்கறாங்களே, கேக்கட்டும் விடுங்க."

அதிகாரி அதற்கப்புறம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அடுத்த மாதமே இன்னொரு வருடத்துக்கு அனுமதியும் வந்துவிட்டது என்றாலும், நான் குடை பிடித்துக் காப்பாற்றிய வேலையை என் கட்டத்தின் மேலேயே காரைக் கொண்டுவந்து நிறுத்திய மனிதர்தான் காப்பாற்றிக் கொடுத்தார் என்பதை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதுவது என்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.