துஷியின் வெளிநாட்டுச் சட்டம்

போன சனிக்கிழமை காலையில் ஒரு போன். என் பள்ளித் தோழன் சிவராசா. வடமராட்சிக் கரையில் சொந்தப் படகு வைத்து மீன்பிடித் தொழில் செய்பவன்.

“மச்சான், ஒருக்கா வந்திட்டுப் போ. உவள் துஷி வெளிநாட்டுச் சட்டம் படிக்கப்போறாளாம். நீ பேப்பரிலை எழுதுறனீ... உன்ரை கதையைக் கேப்பாள்.”

துஷி அவனுடைய கடைசி மகள். சட்டம் படித்து முடித்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் ஒரு மூத்த சட்டத்தரணி அவளை ஜூனியராகச் சேர்க்கச் சம்மதித்திருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவளோ சர்வதேசச் சட்டத்தில் மேற்படிப்பு என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

மோட்டார் சைக்கிளில் போகும்போதே புத்திமதியைத் தயாரித்துவிட்டேன். ‘கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போகக்கூடாது’ என்று பழமொழியோடு ஆரம்பம். பத்தி எழுதுபவனுக்குப் புத்திமதிக்கா பஞ்சம்?

போனால் எனக்கு முன்னால் அங்கே ஒரு கியூ!

பக்கத்து வீட்டு ராணி அக்கா கையில் கடிதத்தோடு முன்னால் நின்றார். “பிள்ளை, மருமேளின்ரை விசாவை ஏன் ரிஜெக்ட் பண்ணினவங்கள் எண்டு ஒருக்காப் பாரம்மா.” அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

காரணம் ஒரே ஒரு சொல். ‘பிள்ளை வெளிநாட்டுச் சட்டம் படிக்கப்போறாள்’ என்று துஷியின் அம்மா யாரிடமோ சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சட்டம் என்றால் வேறென்ன... விசா எடுக்கிற சட்டம்தானே!

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன். “உதிலை என்னதான் பிள்ளை இருக்கு?”

“நாடும் நாடும் எப்பிடி நடக்கவேணும் எண்ட சட்டம் மாமா. அகதியள், போர்க்குற்றம், காலநிலை... இப்ப ஏஐ ஆயுதம் வரைக்கும் வந்திட்டுது. எனக்குக் கடல் சட்டம்தான் விருப்பம்.”

“வேலை?”

“வெளிவிவகாரப் பக்கம் அரச வேலை இருக்கு. கப்பல் கொம்பனியள், மனித உரிமை அமைப்புகள், ஆராய்ச்சி, படிப்பிக்கிறது... லேசிலை கிடைக்காது. இன்னொரு மொழியும் படிச்சால் நல்லது. எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கிறன்.”

சிவராசா பொரிந்தான். “கடலுக்கு என்ன சட்டம்? அக்கரையிலையிருந்து றோலர் படகிலை வந்து வலையை அறுத்துக்கொண்டு போறான். ஒப்பந்தம் இருக்கெண்டுறாங்கள். பிறகும் வாறான்!”

“அதுதானப்பா பிரச்சினை. கையெழுத்தெல்லாம் இருக்கு, அமுலாக்கம்தான் இல்லை. இந்தச் சட்டத்தின்ரை பெரிய வருத்தமே அதுதான்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தயாரித்து வந்த புத்திமதியை அப்படியே விழுங்கிவிட்டேன். ஆனால் சிவராசாவின் முகம் மட்டும் தெளியவில்லை.

“மூத்தவன் ரொறன்ரோ, இளையவன் பாரிஸ்” என்றான் மெதுவாக. “ரெண்டு பேரும் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவங்கள்.”

நாங்கள் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை. அபசகுனம். ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான். அதில் முதல் சொல் எப்போதும் நடந்துவிடுகிறது. இரண்டாவது...?

அவனுக்குச் சட்டத்தோடு கோபம் இல்லை. இவளும் போய்விடுவாளே என்ற பயம். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

“எங்கை பிள்ளை படிக்கப்போறாய்?”

“கொழும்பிலை மாமா.”

குசினிக்குள் இருந்து கரண்டியோடு துஷியின் அம்மா எட்டிப் பார்த்தார். “கொழும்பிலையோ?!”

“நீங்கள் ஆர் கேட்டனீங்கள்? சர்வதேசம் எண்டு வாய் திறந்தவுடனை அப்பா எழும்பிப் போயிடுறார். நீங்கள் அழத் தொடங்கிடுறீங்கள்.”

லண்டனா, ஒஸ்லோவா என்று ஊரே பட்டிமன்றம் நடத்தியிருக்கிறது. சர்வதேசம் என்றால் கட்டுநாயக்காவில் பிளேன் ஏறுவது என்று எல்லோரும் தாங்களாகவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும்தான்! சர்வதேசச் சட்டம் படிக்க நினைக்கும் மாணவர்களே... வீட்டில் முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு பாடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

சிவராசா செருமினான். “அப்ப... சனி ஞாயிறிலை வரலாம்தானே?”

“எல்லாக் கிழமையும் ஏலாதப்பா. ஏலுமான நேரமெல்லாம் வருவன்.”

“படிச்சு முடிஞ்சாப்பிறகு?”

“வெளியிலை போகவேண்டியும் வரலாம். பொய் சொல்லமாட்டன். ஆனா வழக்கு எங்கை நடந்தாலும் வலை அறுந்தது இங்கைதானே. வரத்தானே வேணும்.”

சிவராசா சட்டைப்பையைத் தடவினான். பிறகு போனை எடுத்துச் சட்டத்தரணியை அழைத்தான். “ஐயா, கோவியாதேங்கோ. பிள்ளை மேலை படிக்கப்போறாள்.”

புதன்கிழமை பின்னேரம் பதிவு வேலைக்காகத் துஷி கொழும்புக்குப் புறப்பட்டாள். பஸ்ஸடிக்கு நானும் போயிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு அவள் சொன்னாள்: “அப்பா, போட்டு வாறன்.”

“சொல்லாதை பிள்ளை” என்றான் சிவராசா. “திரும்பி வா.”

ஆக, ஒப்பந்தம் ஆகிவிட்டது. அமுலாக்கம்? சனிக்கிழமை விடிய வரும் கொழும்பு பஸ்ஸைக் கேட்க வேண்டும்!