ஆறாவது பக்கத்தில் ஒரு கையெழுத்து

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, ஒரு தையற்கடையின் பின்னறையில் ஜீவா வயர்லெஸ் பெட்டி செய்கிறான். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் அதை முளையடித்துப் பொருத்திவிட்டால், மண் விரலளவு நகர்ந்தாலும் கீழே வீட்டுக்குள் மணி அலறும். மூன்று மழைக்காலம் நனையவிட்டுச் சோதித்துவிட்டான். ஒருமுறைகூடப் பொய்யாக அடிக்கவில்லை.

முதல் பெட்டி இலங்கையிலுள்ள பதுளைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பா ஆண்டி பிறந்த தோட்டம் அது. அத்தை சின்னம்மை இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். போன மழையில் பக்கத்து லயத்தை மண் மூடிவிட்டது.

அப்பாவை அவன் ஓயாமல் குத்திக்காட்டும் சங்கதி ஒன்று உண்டு. வாலிபத்தில், தோட்டத்துக் கங்காணி நீட்டிய, இலங்கையை விட்டுப் போகச் சம்மதம் என்ற தாளில் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் ஆண்டி இந்தியாவுக்குக் கப்பலேறினார். "என்ன எழுதியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்பான். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

வயர்லெஸ் பெட்டி சும்மா கடல் தாண்டிவிடாது. எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்று மாதிரியைச் சோதித்து அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதி தர வேண்டும். விண்ணப்பம் அங்குள்ள கம்பெனி மூலமாகத்தான் போக வேண்டும் என்றார்கள். கொழும்பில் டெனின் என்றொரு ஏஜென்ட் அகப்பட்டான். வாய் நிறைய "அண்ணன், அண்ணன்" என்றான். ஜீவா வரைபடம், சோதனை அறிக்கை, மாதிரிப் பெட்டி எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்தான். ஆணையம் கேட்ட கேள்விகளுக்குப் பதினாலு மாதம் உட்கார்ந்து பதில் எழுதினான். கடைசியாக டெனினிடமிருந்து இங்கிலீஷில் ஆறு பக்கம் வந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றாள் மனைவி ரேணுகா.

"எனக்குத் தெரியாதா? நான் என்ன எங்கப்பனா?" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

அனுமதி வந்தது. தயாரிப்பாளர் என்ற இடத்தில் டெனினின் கம்பெனி பெயர். ஜீவாவின் பெயர் மருந்துக்குக்கூட இல்லை. இனி அவன் கையால் செய்து அனுப்பும் பெட்டி அங்கே அனுமதியில்லாத பெட்டி. பதறிப்போய்ப் போன் செய்தான்.

"தயாரிப்பு உரிமை எங்க கம்பெனிக்குன்னு ஆறாம் பக்கத்துல இருக்குதானே அண்ணன். நீங்கதானே சைன் வச்சது?" என்றான் அந்தப் பாவி. "இப்போதைக்கு ஹோட்டலுக்கும் பங்களாவுக்கும்தான் குடுக்கிறோம். லயத்துக்கு யார் வாங்கப்போறாங்க?"

மறுநாள் காலை பதுளையிலிருந்து அத்தை கூப்பிட்டாள். மழை பிடித்துக்கொண்டதாம், பெட்டி எப்போது வரும் என்று கேட்டாள். ஜீவா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுப்பருகே போய் உட்கார்ந்தான்.

பேசி முடித்து வந்த ஆண்டி, விஷயம் கேட்டார். சொன்னான். இத்தனை வருஷக் கணக்கையும் இன்று தீர்த்துவிடுவார் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவரோ அந்தத் தாள்களை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, படிக்கத் தெரியாத கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"கையெழுத்து அழகாத்தான் இருக்கு" என்றார்.