அப்பா தலையில் நீலகிரித் தைலம்

என் அத்தை படித்த படிப்பால் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாழாய்ப் போனது. நான் அப்போது மூன்றாவது படித்தேன். அப்பாவின் தங்கையான அத்தைக்கு வேலூரில் ஆராய்ச்சி. லாவண்டர் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த ஏதோ ஒரு பொருளை, வலிப்பு வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது அவள் வேலை. எலிகள் கொஞ்சம் தேறுகின்றன என்று ஒருநாள் போனில் சொல்லித் தொலைத்தாள். அம்மாவின் காதில் எலி விழவில்லை, எண்ணெய் மட்டும் விழுந்தது.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. ஆம்பூர் தோல் கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவுக்கு வலிப்பு உண்டு. இன்னொரு முறை வேலையில் விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். பஜார் கடையில் லாவண்டர் இல்லை. எல்லாம் வாசனை எண்ணெய்தானே என்று நீலகிரித் தைலத்தை வாங்கி வந்துவிட்டாள்.

அப்பாவை உட்காரவைத்து உச்சந்தலையில் விட்டாள்.

“வாசனை வர்தா?”

“இல்லியே. கண்ணு மட்டும் எரியுது.”

இன்னும் விட்டாள். மருந்து மூளைக்குள் இறங்கினால்தான் வாசனை தெரியும் என்பது அம்மாவின் விஞ்ஞானம். பாட்டில் காலி. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் விடாமல் தும்மினார். அப்பா மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட வந்த அத்தை வாசலிலேயே அலறினாள். “ஐயோ அண்ணி, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க! இது வலிப்பை இழுத்துக்கினு வரும்!”

அப்பாவைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். பிறகு மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல அவரையே பார்த்தோம். சாயங்காலம் வரை ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

“மாத்திரையை மட்டும் விட்டுடாதண்ணா. எலி வேற, நீ வேற,” என்றாள் அத்தை. “அது சரி, அவ்ளோ ஊத்தியும் உனக்கு வாசனையே தெரியலியா?”

“தோல் கம்பெனி மூக்கும்மா. செத்து பத்து வருஷம் ஆவுது.”

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. “அப்போ டெய்லி வூட்டுக்குள்ள நுழையும்போதே, கொழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வருதுன்னு சொன்னது?”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். பத்து வருஷப் பொய்! இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். அம்மாவோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கென்று எடுத்துவைத்திருந்த மீன் நடுத்துண்டை அவர் தட்டில் போட்டாள். பொய் சொன்னவருக்கு எதற்கு மீன் என்று அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.