முக்காடு போட்ட அம்மா

போன வாரம் சித்தேரி மலைக்குப் போயிருந்தேன். எதற்கா? சாமை வாங்கத்தான் — சுகர் வந்துவிட்டதே! (இதில் வருகிறவர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.)

அரூரில் பஸ் ஏறும்போது வாங்கிய பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. எனக்குப் பிடித்த ஒரு அமெரிக்க நடிகை முந்தாநாள் தூக்கத்திலேயே காலமாகிவிட்டார். எனக்கு மனசே சரியில்லை. காலேஜ் நாட்களில், சேலத்தில் அவர் படம் வந்தால் முதல் ஷோவில் நான் இருப்பேன். நியூயார்க் நாடக மேடையில் ஆரம்பித்தவர். அப்புறம் சினிமாவில் ராணி, கொலைகாரி, பைத்தியக்காரி... வயதானதும் வெறும் அம்மா வேஷம். படத்துக்குப் படம் செத்துக் காட்டியவர், நிஜமாகவே போய்விட்டார். ‘வாரிசு யாரும் இல்லை’ என்று செய்தி முடிந்திருந்தது. பக்கத்தில் பழைய நாடக போட்டோ — குடியானவப் பெண் வேஷத்தில், தலையில் முக்காடு போட்டு.

மலையில் இறங்கினால் நல்ல மழை. சாமை விற்கும் சடையன் வீட்டுக்குள் ஓடினேன். தலையைத் துவட்டிக்கொண்டே நிமிர்ந்தால்...

சுவரில் அதே படம்! அதே முக்காடு. கண்ணாடிமேல் சந்தனம், குங்குமம். கீழே விளக்கு எரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தேன்.

“எங்கம்மாங்க சார். நான் பொறந்தப்பவே போயிட்டாங்க” என்றாள் சடையனின் மகள் செல்வி. பத்தாவது படிக்கிறாள்.

அவள் டீ போட உள்ளே போனாள். சடையன் என் முகத்தையே பார்த்தார்.

“இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமுங்களா?”

தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம் பொஞ்சாதிய ஒரு போட்டோகூட எடுக்கலீங்க. புள்ள அம்மா மூஞ்சியக் கேட்டு அழுவும். தர்மபுரியில ஃபிரேம் போடுற பாய் கடைக்குச் சாமி படம் வாங்கப் போனேன். ஒரு ஃபிரேமுல சாம்பிளுக்கு இந்தம்மாவ மாட்டியிருந்தாங்க. அந்தப் பார்வை அவளேதானுங்க... வூட்டுக்குக் கொண்ணாந்துட்டேன். புள்ளகிட்ட சொல்லிப்புடாதீங்க.”

செல்வி டம்ளரோடு வந்தாள்.

“சார், அந்தப் பேப்பரக் குடுங்க. படிச்சிட்டுத் தர்றேன்.”

மலையில் பேப்பர் கிடைப்பதே அபூர்வம். ஆசையாகக் கை நீட்டுகிற பெண்ணிடம் எப்படி மறுப்பது? “நனைஞ்சு போச்சும்மா” என்று மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது.

பிறகு, படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“முந்தாநேத்து அம்மா கனவுல வந்தாங்க சார். இத்தன வருசத்துல மொதத் தடவ. பக்கத்துல ஒக்காந்து பேசிக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தகூடப் புரியலீங்க... வேற பாஷையாட்டம் இருந்துச்சு. போறப்ப என் தலையத் தடவிக் குடுத்தாங்க.”

சடையனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நெஞ்சோடு ஒட்டியிருந்த ஈரப் பேப்பர் சில்லென்றது.

வாரிசு இல்லையாம்... எழுதினவர் சித்தேரிக்கு வந்து விசாரித்தாரா?